உஷார்! தேனுக்குக் கிருமி அண்டாது என்று நம்பி இருப்பவர்களுக்கு

உம்மாமாரே, வாப்பாமாரே, கொஞ்சம் நில்லுங்கள்!

உங்கள் அலுமாரியில் ஒரு தேன் போத்தல் இருக்கும். அது இல்லாத வீடு நம் கரையில் குறைவு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எந்த ஊரில் கேட்டாலும் உள்ளே போய் எடுத்து வருவார்கள். இருமினால் தேன். வயிறு புரட்டினால் தேன். எண்ணெய் தெறித்தால் தேன். பிள்ளை பிறந்தால் நாக்கில் முதலில் தொட்டு வைப்பதும் தேன்.

"தேனுக்குக் கிருமி அண்டாது" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அந்தச் சொல்லில் பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாமல் இருந்தால் கால் போகும். பிள்ளை போகும்.

அதனால் முதலில் இரண்டே வரி. மிச்சத்தைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தேனும் கொடுக்கக் கூடாது!

சீனி வருத்தக்காரரின் காற்புண்ணில் கடைத் தேனோ காட்டுத் தேனோ ஊற்றக் கூடாது!

"அல்லாஹ் நிவாரணம் என்று சொன்ன பொருளிலா குற்றம் பிடிக்கிறாய்?" என்று கோபப்பட வேண்டாம். குர்ஆனில் தேனைப் பற்றிச் சொல்லும் சூரா அந்நஹ்லை ஓதி வளர்ந்தவள்தான் நானும். தேனில் நிவாரணம் இருக்கிறது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் பயமெல்லாம் நம் கையில் இருக்கும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது, அதை யாருக்கு, எந்த வருத்தத்துக்கு எடுக்கிறோம் என்பதில்தான்.

நம் கரையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய ஒரு வாப்பா. நெடுநாள் சீனி வருத்தம். வயலுக்குப் போன இடத்தில் உள்ளங்காலில் ஏதோ குத்தியிருக்கிறது. குத்தியது அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குள் நடந்து வந்தபோது சீமெந்துத் தரையில் இரத்தத் தடம் விழுவதைப் பார்த்துச் சொன்னது பேரப்பிள்ளை.

சின்னக் காயம். அடுத்த கிழமை எப்படியும் கிளினிக் இருக்கிறது, அப்போது காட்டிக்கொள்வோம் என்று இருந்துவிட்டார்கள். "தேனைப் போட்டுக் கட்டுங்க, கிருமியெல்லாம் செத்துப் போயிரும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். றோட்டோரத்தில் வாங்கிய காட்டுத் தேன் வீட்டில் இருந்தது. தாராளமாக ஊற்றி, வெள்ளைத் துணியால் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் கட்டில் காலில் எறும்பு வரிசை ஏறியது. துணிக்கட்டைச் சுற்றி எறும்பு. மகள் அவிழ்த்துப் பார்த்தாள். புண்ணின் ஓரம் வெளுத்து, ஊறி, முன்னையைவிடப் பெருத்திருந்தது. அந்த நேரம் ஓட்டோவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் பேச்சு வேறு பக்கம் போனது. "எறும்பு வந்தால் அது கள்ளத் தேன்" என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரரிடம் விலை கூடிய தேன் வாங்கி, அதை ஊற்றிக் கட்டினார்கள்.

தேனைச் சந்தேகப்பட்டார்கள். புண்ணைச் சந்தேகப்படவில்லை!

"நோ இல்ல மகள், சுகமாகுது" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். சீனி வருத்தம் காலின் நரம்பைக் கெடுத்துவிட்டால் நோ தெரியாது. நோ இல்லை என்பதுதான் அங்கே முதல் ஆபத்து. இரண்டாம் கிழமை கட்டிலுக்குக் கிட்டப் போனாலே மணத்தது. பெருவிரல் கறுத்தது. காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி எலும்பில் இறங்கியிருந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதியை எடுத்தார்கள். இப்போது மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார். தொழுகை கதிரையில்.

அந்த வீட்டில் ஒருவரும் கெட்டது நினைக்கவில்லை. அன்பாகத்தான் ஊற்றினார்கள். என்னைப் பயப்படுத்துவதும் அதுதான். நாளைக்கு உங்கள் வீட்டிலும் அன்பாகத்தான் ஊற்றுவார்கள்.

அப்படியானால் தேன் கிருமியைக் கொல்லாதா? கொல்லும். எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால், எங்கே கொல்லாது என்பதும் விளங்கிவிடும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நல்ல தேனில் நூற்றுக்கு 80 பங்கு சீனி. தண்ணீர் 17, 18 பங்குதான். கிருமி பெருகத் தண்ணீர் வேண்டும். தேன் அதைக் கொடுக்காது. கிருமியின் உடம்பில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிடும். அதோடு தேன் புளிப்பானது. இனிப்பு அதை மறைப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மூன்றாவதாக, தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு நொதியத்தைத் தேனில் சேர்க்கிறது. ஈரம் பட்டுத் தேன் கொஞ்சம் இளகும்போது அந்த நொதியம் ஐதரசன் பெரொக்சைட்டை உண்டாக்கும். காயத்தில் ஊற்றியதும் வெள்ளையாக நுரைக்குமே, அதே மருந்துதான். தேனின் கிருமிகொல்லிச் சக்திக்கு இதுதான் பெரிய காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1963இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது கவனியுங்கள். அந்த நொதியம் சூட்டில் செத்துவிடும். வெளிச்சத்திலும் கெட்டுவிடும். போத்தலில் அடைக்க வசதியாகச் சூடாக்கிய தேனில் அது மிஞ்சாது. கண்ணாடிப் போத்தலில் றோட்டோரத்து வெயிலில் நாள்கணக்காக நின்ற தேனில் அது எவ்வளவு மிஞ்சும்? நிறம் பெரிதாக மாறாது. உருசி மாறாது. சக்தி மட்டும் போயிருக்கும். மிஞ்சுவது வெறும் இனிப்பு. சக்தி போகாத தேனை ஊற்றினாலும், புண்ணிலிருந்து ஊறும் நீர் அதை இளக்கிக்கொண்டே இருக்கும். நம் சதையிலும் இரத்தத்திலும் பெரொக்சைட்டை உடைக்கும் பொருளும் இருக்கிறது. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்ற தேன் உள்ளங்காலின் ஆழத்தில் அதையே செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம்.

எல்லாத் தேனும் ஒன்றல்ல!

நியூசிலாந்தில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீற்றர் மோலன் என்பவர் பல வருடம் தேனையே ஆராய்ந்தவர். ஒரு தேனுக்கும் இன்னொரு தேனுக்கும் கிருமி கொல்லும் சக்தியில் நூறு மடங்கு வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நூறு மடங்கு! எந்தப் பூ, எந்தப் பருவம், எவ்வளவு சூடு பட்டது, எத்தனை நாள் இருந்தது என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். அந்த நாட்டு மனுக்காத் தேனுக்கு இவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம், அதில் பெரொக்சைட்டைத் தவிர மெதில்கிளையொக்சால் என்ற இன்னொரு பொருளும் கூடுதலாக இருப்பது. 2008இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் அதை உறுதிப்படுத்தினார்கள். பேர் வந்ததும் போலியும் வந்தது. மனுக்காத் தேன் என்று ஏற்றுமதி செய்வதென்றால் நான்கு இரசாயனங்களும் அந்தச் செடியின் மரபணுவும் இருக்கிறதா என்று பரிசோதித்துக் காட்ட வேண்டும் என்று நியூசிலாந்து அரசே 2018இல் விதி போட வேண்டி வந்தது. நம் கடைத்தெருவில் "மனுக்கா" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

நம் பக்கத்துத் தேனும் பலவகை. பெரிய மரக்கொப்பிலும் பாறையிலும் கூடு கட்டும் மலைத்தேனீயின் தேன் ஒன்று. மரப்பொந்தில் அடுக்கடுக்காக வைக்கும் தேனீயின் தேன் ஒன்று. பற்றைக் கொப்பில் ஒரே அடையாகத் தொங்குவது கொம்புத்தேன். கொட்டாத, கொசு அளவான தேனீயின் கொசுத்தேனைத்தான் மருந்துக்கு விசேஷம் என்று கூடக் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தக் கொசுத்தேனில் தண்ணீர் அதிகம், நூற்றுக்கு 25 பங்குக்கு மேலேயே இருக்கும். மற்றத் தேனைவிட விரைவாகப் புளித்துப் பொங்கும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தால், மேலே நுரை நின்றால், அது புளித்த தேன். அதை "வீரியம்" என்று நினைத்துப் புண்ணில் வைக்காதீர்கள்.

மத்திய கிழக்கிலிருந்து வருகிறவர்கள் யெமன் சித்ர் தேன் கொண்டுவருவார்கள். நம் இலந்தையின் இனத்து மரம்தான் சித்ர். நல்ல தேன். விலையும் பெரியது. விலை பெரியது என்பதால் கிருமி சாகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கருஞ்சீரகத் தேன் என்ற பெயரில் விற்பதும் அப்படித்தான். மகாஓயாக் காட்டுத் தேன், பொல்லேபெத்த வேடர் எடுத்த தேன் என்று சொல்லி விற்றால் கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையாகவே காட்டில் தேன் எடுக்கும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்து உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தப் போத்தல் எத்தனை கை மாறியது?

கலப்படம்! இது அடுத்த உஷார்.

சீனிப்பாகு கலக்கிறார்கள். பாணி கலக்கிறார்கள். தேனடையின் ஒரு துண்டை மேலே மிதக்கவிட்டு நம்ப வைக்கிறார்கள். இந்தியாவில் விஞ்ஞான மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் பேர்போன கம்பனிகளுடைய தேனையும் சேர்த்து 22 மாதிரிகளைப் பரிசோதித்தது. எல்லாப் பரிசோதனையிலும் தேறியவை 5 மட்டும். வழக்கமான பரிசோதனைகளில் பிடிபடாத மாதிரியே தயாரித்த பாகு சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது என்பதையும் அவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இறக்குமதித் தேன் 320 மாதிரியைப் பார்த்தது. நூற்றுக்கு 46 சந்தேகத்துக்குரியவை. பெரிய பெரிய ஆய்வுகூடம் வைத்திருக்கும் நாடுகளின் நிலையே இது.

இந்த நிலையில் நாம் வீட்டில் செய்கிற சோதனை என்ன? கோப்பைத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவது. தீக்குச்சியைத் தோய்த்துப் பற்ற வைப்பது. கடதாசியில் ஊறுகிறதா என்று பார்ப்பது. எறும்பு வருகிறதா என்று பார்ப்பது. ஒன்றையும் நம்ப முடியாது. கெட்டியான பாகும் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் இருக்கும். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். தண்ணீர் கூடிய கொசுத்தேன் கடதாசியில் ஊறும், அதற்காக அது கள்ளத் தேன் ஆகிவிடாது.

போத்தலையும் பாருங்கள் பிள்ளைகளே. பழைய சாராயப் போத்தலைக் கழுவியும் கழுவாமலும் அதில் தேனை ஊற்றி, கடதாசியை உருட்டி வாயை அடைத்து விற்கிறார்கள். நமக்கு அது ஹறாம் ஹலால் பேச்சாகத்தான் முதலில் தோன்றும். சுகாதாரப் பேச்சும் அதில் இருக்கிறது. தூசி, தேனீயின் சிறகு, பிழிந்தவரின் கை அழுக்கு எல்லாம் அதற்குள் போயிருக்கும். அதைத் திறந்த புண்ணில் ஊற்றுகிறோம்.

"ஆஸ்பத்திரியிலேயே தேன் வைத்துக் கட்டுகிறார்களாமே?" என்று கேட்பீர்கள். உண்மை. சில நாடுகளில் கட்டுகிறார்கள். இந்தியாவில் சோலாப்பூரில் சுப்ரமணியம் என்ற சத்திரசிகிச்சை டொக்டர் தீப்புண்ணுக்குத் தேன் வைத்துப் பார்த்து, 1991இல் பிரித்தானிய சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் எழுதினார். நல்ல பலன் கிடைத்தது. இப்படி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு 2015இல் திரட்டிப் பார்த்தது. ஆழமில்லாத தீப்புண்ணுக்கும், ஒப்பரேஷனுக்குப் பிறகு கிருமி பிடித்த காயத்துக்கும் தேன் உதவுகிறது என்று கண்டது. சீனி வருத்தக் காற்புண்ணுக்கு உதவும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது. இந்த வித்தியாசத்தைத்தான் நமக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவத் தேன் என்று விற்பது காமாக் கதிர் பாய்ச்சிச் சுத்திகரித்தது. ஏன் காய்ச்சிச் சுத்தம் செய்யவில்லை? காய்ச்சினால் தேனின் நொதியம் செத்துவிடும். ஆனால் தேனுக்குள் தூங்கும் ஒரு கிருமியின் வித்து சாகாது.

காய்ச்சினால் நல்லது சாகும், கெட்டது பிழைக்கும்!

அந்தக் கெட்டதைப் பற்றித்தான் இனி. கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் யாரையாவது பக்கத்தில் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள்.

குளொஸ்றீடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி. மண்ணிலும் தூசியிலும் இருக்கும். தேனீ அலைந்து திரியும் இடமெல்லாம் இருப்பதால் சில நேரம் தேனிலும் வந்து சேரும். தேனுக்குள் அதனால் பெருக முடியாது. ஆனால் சாகவும் சாகாது. மழையைக் காத்துக் கிடக்கிற விதைநெல் போல வித்தாகக் கிடக்கும். நீங்களும் நானும் அதை விழுங்கினால் ஒன்றும் நடக்காது. நம் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அதை முளைக்க விடாது. ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் வரவில்லை. அங்கே அது முளைக்கும். முளைத்து நஞ்சைக் கக்கும். மனிதனுக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்துவிடும். கடைசியில் மூச்சு விடுகிற தசையும் நின்றுபோகும்.

1976இல் கலிபோர்னியாவில்தான் டொக்டர்மார் இந்த வருத்தத்தை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் இறந்த பிள்ளைகளுக்கு என்ன காரணம் சொன்னார்களோ! 2017இல் ஜப்பானின் டோக்கியோவில் ஆறு மாத ஆண்பிள்ளை ஒன்று இறந்தது. பால் மறக்கடிக்கும் உணவு என்று நினைத்து, பழச்சாற்றில் தேன் கலந்து ஒரு மாதமளவில் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது வீட்டார். சத்துக்காகத்தான் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நால்வரும் தேன் அடைத்த சூப்பியைச் சூப்பியவர்கள்.

நம் வீடுகளில் எந்தெந்த வழியால் தேன் பிள்ளையின் வாய்க்குள் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறந்தவுடன் நாக்கில் தொட்டு வைப்பது. வசம்பு உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது. நாக்கில் வெள்ளை படிந்தால் தேன் தொட்ட துணியால் துடைப்பது. அழுகை நிற்கச் சூப்பியில் தடவுவது. சளிக்குத் துளசிச் சாற்றோடு. தேன் சேர்த்த பிஸ்கட்டும் மாவும் கூட. அடுப்பில் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன் என்று ஆறுதல்படாதீர்கள். சாதாரணக் கொதியில் அந்த வித்து சாகாது.

"சுன்னத்தை விடச் சொல்கிறாயா?" என்று ஒரு உம்மம்மா கண் கலங்கக் கேட்டார். இல்லை, உம்மம்மா. மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கு நபியவர்கள் தஹ்னீக் செய்தது, அதாவது முதல் இனிப்பை வாயில் தொட்டு வைத்தது, பேரீத்தம்பழத்தால் என்றுதான் ஹதீஸில் வருகிறது. பேரீத்தம்பழம் கிடைக்காதபோது வேறு இனிப்பு என்று வந்ததால் தேன் நம் கைக்கு வந்தது. இன்றைக்குக் கல்முனைச் சந்தையில் பேரீத்தம்பழம் இல்லாத நாள் உண்டா? கையை நன்றாகக் கழுவுங்கள். காய்ச்சல், இருமல், உதட்டுப் புண் உள்ளவர் செய்யாமல் இருக்கட்டும். மிட்வைஃப் மிஸ்ஸியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். தேன் மட்டும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால். ஒரு வயது நிறைந்த பிறகு தேன் எங்கேயும் ஓடிவிடாது.

இனி ஆபத்து அடையாளங்கள். பிள்ளைக்கு யாராவது தேன் கொடுத்திருந்தால், அது மூன்று நாளுக்கு முன்னாக இருந்தாலும் சரி, ஒரு மாதத்துக்கு முன்னாக இருந்தாலும் சரி, இவற்றைப் பாருங்கள்.

முதலில் மலம் போகாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை சில நாள் போகாமல் இருப்பது சாதாரணம்தான். ஆனால் அதோடு பால் உறிஞ்சும் பலம் குறைகிறதா? மார்பில் வாய் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறதா? அழுகைச் சத்தம் மெலிந்து பூனைக்குட்டி முனகலாக வருகிறதா? கண்ணிமை பாதியில் தொங்குகிறதா? சிரிக்கிற முகம் அசையாமல் இருக்கிறதா? எச்சிலை விழுங்காமல் வடிய விடுகிறதா? நேற்று வரைக்கும் நின்ற தலை இன்று தோளில் சாய்கிறதா? தூக்கினால் கையும் காலும் துணியாகத் துவள்கிறதா?

காய்ச்சல் இருக்காது! உம்மாமார் ஏமாறுவது இங்கேதான். "உடம்பு சுடல்ல, சும்மா சோர்ந்து கிடக்கு" என்று காத்திருக்காதீர்கள். மந்திரிக்க, நூல் கட்டப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். துஆவை வண்டிக்குள் இருந்து கேளுங்கள். நேரத்தோடு போனால் இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றலாம். கிழமைக்கணக்கில் மூச்சுக் கருவியில் வைத்திருந்து பிழைத்து எழுந்த பிள்ளைகள் உலகத்தில் நிறையப் பேர். வீட்டில் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

காற்புண்ணின் அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தக்காரர் ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் முகக்கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகள் பார்க்கலாம். தோல் சிவந்து அந்தச் சிவப்பு மேலே ஏறினால், வீங்கினால், சூடாக இருந்தால், மணத்தால், நீலமோ கறுப்போ தெரிந்தால், மருந்து ஒழுங்காகக் குடித்தும் சீனி திடீரென்று ஏறினால், குளிர்காய்ச்சல் வந்தால் கிளினிக் திகதியைப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். நோ இல்லாத புண்ணுக்கு இன்னும் வேகமாக ஓட வேண்டும்.

சீனி வருத்தக்காரர் தேனைக் குடிப்பது பற்றியும் ஒரு தப்பான பேச்சு ஊரில் இருக்கிறது. "தேன் சீனியைக் கூட்டாது" என்கிறார்கள். கூட்டும்! ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் அளவுக்குச் சீனி இருக்கிறது. தேத்தண்ணியில் நான்கு தேக்கரண்டி சீனி போட்ட மாதிரி. வெறும் வயிற்றில் தினமும் குடித்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு இருப்பவர்கள் நம் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். யார் என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

கண்ணில் தேன் விடாதீர்கள். கண் சிவந்தால், பீளை கட்டினால் கொசுத்தேன் ஒரு சொட்டு என்று சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்.

டெங்குக்குத் தேன் மருந்தல்ல. அது வைரஸ் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் தேனைக் குடித்து அந்தக் கிருமியைக் கொல்ல முடியாது. குடித்த தேன் குடலில் சீனியாகச் செரித்துவிடும். அதன் கிருமிகொல்லிச் சக்தி இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போவதில்லை. டொக்டர் தந்த அன்டிபயோடிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறுவது பெரிய பிழை.

எண்ணெய் தெறித்தால், சுடுநீர் கொட்டினால் முதலில் குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் ஓட விடுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், வீட்டுத் தேனும் வேண்டாம். சோலாப்பூரில் தேன் வைத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், டொக்டர் கையால். குசினியில் அல்ல.

அப்போ தேன் எதற்குத்தான்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் இருமலுக்கு நல்லது. பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டலே 2018இல் சாதாரண இருமலுக்கு முதலில் தேனைச் சொன்னது. படுக்கப் போகுமுன் பிள்ளைக்கு அரைத் தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டி போதும். தொண்டை நனையும், இருமல் தணியும், பிள்ளை தூங்கும். மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், இருமல் கிழமைக்கணக்கில் நின்றால் டொக்டரிடம் காட்டுங்கள். வாங்கும்போது முத்திரை உடையாத போத்தல், உற்பத்தியாளர் விலாசம், திகதி மூன்றையும் பாருங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். கொதிக்கும் தேத்தண்ணியில் ஊற்றாமல் ஆறவிட்டுக் கலக்குங்கள்.

இதையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்: 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சம்மாந்துறை, அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலை உண்டு. எது கிட்டவோ அங்கே போங்கள். போனதும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: தேன் கொடுத்தோம், இத்தனை நாளுக்கு முன், இவ்வளவு. "ஏசுவார்கள்" என்று பயந்து மறைத்தால் டொக்டருக்கு அந்த வருத்தம் நினைவுக்கே வராது. அரிதான வருத்தம் அது.

தேன் போத்தலைக் கழுவிவிடாதீர்கள். மிச்சத் தேனோடு, மூடியோடு, அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கலப்படம் என்று சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். கடையிலிருந்து மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. எந்த இடத்தில், யாரிடம், எந்தத் திகதியில் வாங்கினீர்கள் என்பதைப் போத்தலில் ஒட்டிவையுங்கள். கேட்டால் சொல்ல வேண்டி வரும்.